உயிரோடு இருந்து அஞ்சலி வாங்கியவருக்கு

சாரல் தொடங்கிவிட்டது. புளியறைப் பக்கமிருந்து காற்று இறங்கும்போதெல்லாம், பின்வாசலில் தேங்காய் மட்டைக் குவியலின்மேல் போர்த்தியிருக்கும் பிளக்ஸ் படபடவென்று அடித்துக்கொள்கிறது. புது பிளக்ஸுக்கென்று ஒரு வாடை உண்டு, மண்ணெண்ணெயும் பெயிண்டும் கலந்த மாதிரி. கோடை முழுக்க வெயிலில் கிடந்தும் அது போகவில்லை. ஈரம் பட்டதும் மறுபடி கிளம்பி அடுக்களை வரைக்கும் வருகிறது. அதன் அடிப்பக்கத்தில் உங்கள் முகம் இருக்கிறது. மழை உங்கள்மேல் விழக்கூடாது என்றுதான் படத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.

உங்கள் படம் என்பதால் குப்பையில் போட மனம் வரவில்லை. சுவரில் விட்டுவைக்கவும் முடியவில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் "தாய்நாட்டின் எல்லையில் உயிர் நீத்த மாவீரர்" என்று போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் உயிர் விட்டது ஆலங்குளம் தாண்டிப் போன பஸ்ஸில். என் தோளில் சாய்ந்திருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து, ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்காமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் மாத்திரை வாங்கத் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாதாமாதம் போகிற பயணம்தான்.

அந்தப் பயணம் இல்லாமல் ஆகிவிடும் என்றுதானே அன்றைக்கு மேடை ஏறினீர்கள்? பத்து வருடத்துக்கு முந்திய தேர்தல் அது. மேலகரத்தில் ரோட்டோரமாக இருந்த காலி இடத்தில் முன்னாள் ராணுவத்தாருக்கு மருத்துவமனை வருகிறது, பூமி பூஜை போட வேண்டும் என்று வேட்பாளரின் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். எனக்கு அப்போதே சம்மதமில்லை. "ஓட்டுக்கு முன்னால போடுத கல்லு" என்றேன். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் போகலன்னா இன்னொருத்தன ஏத்துவான். கேக்க வேண்டியத நேருல கேக்கவாவது போறேன்ட்டி."

மேடையில் மெடல் குத்திய சட்டையோடு முன் வரிசையில் இருந்தீர்கள். மைக் பிடித்தவர் வெளியூர்க்காரர். போரில் இறந்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டே வந்தவர், கையிலிருந்த தாள் மாறிப்போனதோ என்னவோ, கடைசியில் உங்கள் பெயரையும் சேர்த்து வாசித்து, "இவர்களுக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி" என்றுவிட்டார். எல்லோரும் எழுந்தார்கள். நீங்களும் எழுந்தீர்கள்! பக்கத்தில் நின்ற உங்கள் இலஞ்சிச் சிநேகிதர், உங்களோடு ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர், சிரிப்பை அடக்க மாட்டாமல் கேட்டார்:

"ஏலே, அஞ்சலி ஒனக்குத்தாம்லே. நீ ஏம்லே எந்திரிக்க?"

"செத்தவன் உக்காந்துக்கிடலாம். உசிரோட இருக்கவன் எந்திரிக்கணும்லா?"

கீழே பெண்கள் வரிசையில் இருந்த நான் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சுமங்கலியாகப் பூஜைக்கு வந்திருக்கிறேன், எதிரிலேயே புருஷனுக்கு அஞ்சலி! அம்மையே, கண்ணேறு படாமல் காப்பாற்று என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வேட்பாளர் ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்து, "அண்ணாச்சிக்கு ஆயுசு கெட்டி" என்று பொன்னாடை போட்டார். கூட்டம் கைதட்டியது. அந்தத் தட்டலுக்கு நடுவில் நீங்கள் மருத்துவமனை எப்போது வரும் என்று கேட்டதும், அவர் "கண்டிப்பா, கண்டிப்பா" என்றதும் எனக்குக் கேட்டது.

குழியில் பால் ஊற்றியது நான். பூ போட்டதும், மஞ்சள் பிள்ளையாருக்குக் குங்குமம் வைத்ததும் நான். பூஜை முடிந்தால் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, போய்வாரும் என்று சொல்லி, பிறகுதான் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஆனால் வேட்பாளரின் கார்கள் கிளம்பிவிட்டன. தட்சணைக்காகக் குருக்களும் பின்னாலேயே ஓடினார். விடை கொடுக்க ஆளில்லாமல் பிள்ளையார் அந்தப் புழுதியில் வாழையிலைமேல் உட்கார்ந்திருந்தார். அழைத்த காரியம் முடியாமல் நானாக எப்படிக் கரைப்பது? வெற்றிலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைத்தேன்.

"என்னட்டி, பிள்ளையார ஜாமீன்ல எடுத்துட்டு வந்துட்டியா?" என்றீர்கள்.

"கட்டடம் வரட்டும். அன்னைக்குக் கரைச்சிருதேன்."

வேட்பாளர் ஜெயித்தார். முழுசாக ஐந்து வருடம் பதவியில் இருந்தார். கல் மட்டும் நின்றது, அதில் 'முன்னிலை' என்று போட்டு உங்கள் பெயரும். திருநெல்வேலிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தென்காசி டவுன் பஸ்ஸிலிருந்து அதை எட்டிப் பார்ப்பீர்கள். ஒரு நாள் கல்லில் ஆடுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். "பாத்தியாட்டி, இன்னைக்கு ஓ.பி.யில கூட்டம் ரொம்ப" என்று சல்யூட் வைத்தீர்கள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துச் சிரித்தே நாமும் அதற்குப் பழகிவிட்டோமோ என்று இப்போது நினைக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எல்லையிலிருந்து நீங்கள் எழுதும் கடிதத்தை அடுத்த வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பழகினேன். அந்தப் பழக்கம்தான் வீட்டுக் கணக்கு எழுத வைத்தது, தேர்தல் அறிக்கைகளையும் பாராயணம் மாதிரி ஒரு வரி விடாமல் வாசிக்க வைத்தது. எந்தக் கட்சி அறிக்கையை எடுத்தாலும் "நம் இராணுவ வீரர்கள்" என்று ஒரு பத்தி இருக்கும். கொடி மாறும், பத்தி மாறாது. மகளின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற தகப்பன் மாதிரி அதே பேச்சு.

இந்த வருடம், தேர்தல் தேதி அறிவிக்கும் முன்னால், கழுத்தில் துண்டு போட்ட ஒரு தம்பி பிளக்ஸோடு வந்தான். அதே மனிதர்தான் மறுபடி நிற்கிறார். போன முறை தோற்ற பிறகு ஆளும் கட்சிக்கு மாறிவிட்டார். அதே இடத்தில் புதுக் கல், புதிதாகப் பூமி பூஜை.

"ஆச்சி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். மேடையில இருந்தா போதும்."

"பூஜைக்கு நான் என்ன கொண்டாரணும்?"

அவன் பிளக்ஸின் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டான். "அதுக்கு வேற ஒரு அக்காவ ஏற்பாடு பண்ணியாச்சு ஆச்சி. நீங்க குழிப் பக்கமெல்லாம் வர வேண்டாம்."

புரிந்தது. என் நெற்றி காலியாக இருந்தால் மேடைக்கு நல்லது, மண்ணுக்கு ஆகாது.

"எல்லையிலன்னு போட்டிருக்கியளே தம்பி. அவுக போனது பஸ்ஸுல."

"பிளக்ஸுல அவ்வளவெல்லாம் எழுத எடம் இல்ல ஆச்சி."

வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நம் மகன் வாசல்படியில் நின்றிருந்தான். குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிற அந்தத் தற்காலிக வேலை அவனுக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நீட்டித்தால்தான் உண்டு.

தம்பி போனதும் சொன்னான்: "எம்மா, அடுத்த மாசம் என் வேலைய நீட்டிக்கணும். அவுக ஒரு வார்த்த சொன்னாத்தான் நடக்கும். ஒரு மணி நேரம்மா."

"ஒங்கப்பா பஸ்ஸுல எப்படிப் போனாகன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும். அப்பாவும் அன்னைக்குப் போயி உக்காந்தாகள்ல?"

நீங்கள் கேட்கப் போனீர்கள். நான் கேட்காமல் இருக்கப் போக வேண்டும். இதை அவனுக்கு எப்படிச் சொல்ல? அவன் பிள்ளைகள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

போனேன். நீங்கள் இருந்த அதே முன் வரிசை. பழைய கல்லைப் பிடுங்கி வேலி ஓரமாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். உங்கள் பெயர் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. வேட்பாளர் மைக்கைப் பிடித்து, "இத்தனை வருஷமா ராணுவக் குடும்பங்கள ஏறெடுத்துப் பாக்க இந்தத் தொகுதியில ஒரு நாதி உண்டா?" என்று கேட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. தான் சொல்வதை அந்த நேரத்துக்கு அவரே நம்பினார் போலிருந்தது.

கூட்டத்திலிருந்து உங்கள் இலஞ்சிச் சிநேகிதர் எழுந்தார். கைத்தடி இல்லாமல் இப்போது அவரால் நிற்க முடியாது.

"அண்ணாச்சி, அந்த இத்தனை வருஷத்துல அஞ்சு வருஷம் நீங்கதான இருந்திய? இதே எடத்துல பூஜை போடலயா?"

கூட்டம் சிரித்தது. என் நெஞ்சு ஒரு நொடி லேசானது. வேட்பாளர் அசரவில்லை. கும்பிட்டார். "போட்டேன் பெரியவரே. அன்னைக்கு நான் இருந்த எடம் செய்ய விடல. அதனாலதான் செய்யுத எடத்துக்கு வந்திருக்கேன்." முதலில் சிரித்தவர்களே கைதட்டினார்கள். சிநேகிதரை யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பிறகு உங்கள் பெயரைச் சொல்லி, எல்லையில் சிந்திய ரத்தம் என்று சொல்லி, எல்லோரையும் எழச் சொன்னார். நான் உட்கார்ந்தே இருந்தேன். கீழே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். உயிரோடு இருக்கிறவர்கள் எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நீங்களாவது இரண்டாம் முறை அஞ்சலி வாங்கும்போது நிஜமாகவே இறந்திருந்தீர்கள்.

கழுத்தில் விழுந்த பொன்னாடையோடு கீழே இறங்கியபோது கார்கள் போய்விட்டிருந்தன. குழியருகே, வாழையிலையில், புது மஞ்சள் பிள்ளையார். இந்த முறையும் நகர்த்தவில்லை. பால் ஊற்றிய பெண் வேன் ஏறிவிட்டாள். குருக்கள் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, விடை கொடுக்கலயே?"

"வண்டி கெளம்புதும்மா."

குழிப் பக்கம் வரக்கூடாது என்ற இடத்துக்குப் போய்க் குனிந்து எடுத்தேன். மகன் பதறினான். "எம்மா, யாராவது பாத்தா?"

"பாத்தா என்னல? அவுக விட்டுட்டுப் போனதத்தான எடுக்கேன்."

வரும் வழியெல்லாம் மடியில் வைத்துப் பொன்னாடையால் மூடிக்கொண்டு வந்தேன். மறுமாதம் அவன் வேலையை நீட்டித்தார்கள். ஒரு வருடத்துக்கு. தேர்தலில் அவரும் ஜெயித்துவிட்டார். கல்லைச் சுற்றிச் சாரலுக்குப் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆடுகள் வரத் தொடங்கிவிட்டன. அடுத்த வருடம் வேலையை நீட்டிக்க வேண்டி வரும்போது அந்தத் தம்பி மறுபடி எதற்கோ வருவான். நானும் போவேன் என்றுதான் தோன்றுகிறது.

அலமாரியில் இப்போது இரண்டு பிள்ளையார்கள். உங்கள் காலத்தவர் வெடித்து, மூக்கெல்லாம் உதிர்ந்துவிட்டார். புதியவருக்கு இன்னும் குங்குமம் போகவில்லை. சாரல் ஈரத்தில் மஞ்சள் பூசணம் பிடிக்கும். அதனால் தினமும் விளக்கேற்றியதும் இருவரையும் சூடு படும்படி பக்கத்தில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிக் காய வைக்கிறேன். கரைக்கக் கூடாது, உதிரவும் விடக்கூடாது. பின்வாசலில் பிளக்ஸ் அடித்துக்கொள்கிறது. காற்றில் புரண்டுவிடாமல் நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறேன். உங்கள் முகம் நனையவில்லை.