கதிரைத் தொழுகை

வெள்ளி இரவு, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

நோன்பு மாதத்தில் என் மனைவி ரமீஸா நிற்காமல் கதிரையில் இருந்து தொழுததைக் கண்டு, "நாப்பது வயசிலயே கதிரையா? ஒனக்குச் சோம்பல்" என்று ஏசினேன். அன்றிலிருந்து மூச்சு வாங்க வாங்க நின்றே தொழுதாள்.

இன்று டொக்டர் தாளில் அவளுடைய இதயத்தைப் படமாகக் கீறிக் காட்டினார். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் கூடி, அதற்கெதிராக இரத்தத்தைத் தள்ளித் தள்ளியே வலப்பக்கம் வீங்கிவிட்டதாம். அது நடுச்சுவரை நெருக்குவதால் இடப்பக்கமும் சரியாக நிரம்புவதில்லையாம்.

"கதிரையில இருந்து தொழலாமா டொக்டர்?" என்று அவள் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் நானே கதிரையைத் தொழுகைப் பாயில் போட்டேன். இருந்து தொழுதாள். தண்ணீர் வைக்க அறைக்குள் போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதும், தொழுகையின் நடுவிலேயே எழுந்து நின்றுவிட்டாள்.