முயலின் பின்னங்கால்கள்

இன்று காலை மகளின் கூட்டில் வெள்ளை முயல் ஐந்து குட்டி போட்டிருந்தது. தாய் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டிருக்க, அதற்குள் அவை மயிரில்லாமல், கண் திறக்காமல் சிவப்பாகக் கிடந்தன. இடைக்கிடை ஒரு கால் துடித்தது. "வாப்பா, இதுகளுக்கு உசிர் இரிக்கா?" என்று மகள் கேட்டாள். தொட்டுப் பார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கூட்டு முயலை நீ முயல் என்றே ஒத்துக்கொண்டதில்லை, மச்சான். வரிப்பத்தான்சேனை வயலுக்கு நாம் ஒரே மோட்டார் சைக்கிளில் போகிற நாட்களில் வழியெல்லாம் இதே பாடம்தான். காட்டு முயல் வளை தோண்டாது, வெட்டவெளியில் புல்லை அமத்திப் படுக்கும், பிடரியில் கறுப்பு மயிர் இருக்கும், குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும் என்பாய். கடற்கரை மணலில் திரிவதும் காட்டோரத்தில் திரிவதும் வேறு வேறு சாதி என்று நான் வாதாடுவேன். "ரெண்டும் ஒண்டுதான்டா. கடக்கரையில தின்ன ஒண்டுமில்ல, மெலிஞ்சிரிக்கி. நீ மட்டும்தான் எங்க போனாலும் தடிக்கிறாய்" என்று என் வயிற்றில் தட்டுவாய்.

இறைச்சி விசயத்தில் மட்டும் உன்னிடம் விளையாட முடியாது. ஒருமுறை கண்ணியில் செத்துக் கிடந்த முயலை நான் தூக்கி வந்தேன். "உசிர் இரிக்கக்குள்ள பிஸ்மி சொல்லி அறுக்கணும். செத்தத தின்ன ஏலா" என்று வாங்கிப் புதைத்துவிட்டாய். அதன் பிறகு இடுப்பில் எப்போதும் ஒரு சிறு கத்தி வைத்திருந்தாய். அந்தக் கத்திதான் கடைசி நாளில் உன்னை ஓட வைத்தது என்று ஊரில் கதைக்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

அன்று விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனோம். பக்கத்துக் கச்சான் கடலைத் தோட்டத்தைச் சுற்றிப் பன்றிக்காக இழுத்திருந்த கரண்ட் கம்பியில் ஒரு காட்டு முயல் மாட்டியிருந்தது. பின்னங்கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. விடிந்ததும் தோட்டக்காரர் கரண்டை நிறுத்திவிடுவது வழக்கம். ஆனாலும் கத்தியை எடுத்த பிறகு நீ ஒரு கணம் நின்றாய்.

"நிப்பாட்டியிருப்பாரா மச்சான்?"

"ஓம், வெளிச்சம் வந்திட்டே. கெதியா ஓடு, உசிர் போகப் போகுது" என்றேன்.

முயலைப் பிடித்த கையோடு நீ கம்பியில் விழுந்த பிறகு உன் கால்களும் அப்படியே உதைத்தன. உயிர் இருக்கிறது என்று நம்பி உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றேன். தோட்டக்காரர் ஓடி வந்து கரண்டை நிறுத்தினார். உன் கால்களும் முயலின் கால்களும் ஒரே நேரத்தில் நின்றன. முயல் எப்போதோ செத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உதைத்துக்கொண்டிருந்தது கரண்ட்.

உன் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. அதைக்கொண்டு நான் ஒன்றையும் அறுத்ததில்லை. முயல் இறைச்சி பக்கமே போவதில்லை. பெருநாளைக்கு உன் வீட்டுக்குப் போனால், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றழைக்கும் உன் மனைவி கதவடியில் நின்று ஒவ்வொரு முறையும் அதையே கேட்கிறாள்.

"கடைசியா என்ன காக்கா கதைச்சாரு?"

"ஒண்டும் கதைக்கல்ல புள்ள. அவராத்தான் ஓடினாரு."

"அவராத்தானா?"

"ஓம்" என்கிறேன்.