போண்டா மகாராஜாவோடு நடந்த மருந்துப் போர்

ஜூலை 14, திங்கள். குன்னூர். வெயில். அபூர்வம்.

இனி இந்த நோட்டில் வரப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நானே நம்பமாட்டேன். இருந்தாலும் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்: இது ஒரு மாபெரும் யுத்தத்தின் வரலாறு.

எதிரி: போண்டா. கினிப் பன்றி. நீளம் ஒரு சாண், கோபம் ஒன்பது முழம். சொந்தக்காரி என் தங்கை மகள் சிந்து. புது வேலைக்குக் கோயமுத்தூரில் பத்து நாள் பயிற்சி. நடுவில் லீவு போட்டால் வேலை போச்சு. அதனால் மகாராஜா கூண்டோடு என் வீட்டில்.

தாடைக்குக் கீழே கட்டி. இன்று கால்நடை டாக்டரம்மா கீறிச் சீழ் எடுத்தார். ஒரு குடம் வந்தது. ஒரு தேக்கரண்டி என்கிறாள் சரசு. என் மனைவிக்கு அளவு தெரியாது.

உத்தரவுகள்:
– ஆன்டிபயாடிக், ஊசியில்லாத சிரிஞ்சில். காலை 8, இரவு 8. தலா 0.4 மி.லி.
– புண்ணைக் கழுவ வேண்டும்.
– காய்ந்த புல் ஓயாமல். மருந்து வயிற்றைக் கெடுக்குமாம். தின்பதை நிறுத்தினால் ஒரே நாளில்கூடக் கதை முடியலாம்.
– புழுக்கை எண்ண வேண்டும். (இந்த வயதில்.)
– தினமும் எடை. இன்று டாக்டரம்மா தராசில் 820 கிராம்.

“ஊட்டுல மாத்திரை மிச்சமிருக்குன்னு எதையும் குடுத்துறாதீங்க. பென்சிலின் வகையெல்லாம் இதுக்கு விசமுங்க,” என்றார் டாக்டரம்மா.

எடையா? முப்பது வருடம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போட்ட கிளார்க் நான். தொட்டபெட்டா மலையைத் தராசில் ஏற்றினாலும் கிராம் சுத்தமாகச் சொல்வேன்.

15, செவ்வாய். தூறல்.

கா. 8. முதல் தாக்குதல். துண்டில் சுருட்டிப் பிடித்தேன். மருந்து என் கண்ணில், காலண்டரில், சரசுவின் தோசையில். மூன்றாம் முறைதான் உள்ளே. அது போட்ட கூச்சலில் வெலிங்டன் பட்டாளம் துப்பாக்கியைத் தூக்கியதாகக் கேள்வி.

தின்றது: புல், கொத்தமல்லி, குடமிளகாய் அரை. புழுக்கை நூறு தாண்டியது. எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து.

எடை 774. ஒரே நாளில் 46 காணோம்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

16, புதன். விடாத மழை.

எடை 748.

“நல்லாத்தானுங்க திங்குது,” என்றாள் சரசு. “நீங்க திங்கறதவிட ஜாஸ்தி.”

“கண்ணு ஏமாத்தும். தராசு ஏமாத்தாது.”

டாக்டரம்மாவுக்கு போன். எழுபத்திரண்டு கிராம் போச்சுங்க என்றேன். “அப்ப ஊட்டித்தானுங்க ஆகோணும். தீனியைத் தண்ணில கொழச்சு, சிரிஞ்சுல, நாலு மணிக்கொருக்கா. சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

ஊட்டினேன். துப்பியது. ஊட்டினேன். துப்பியது. என் சட்டை இப்போது ஒரு வயல்.

17, வியாழன். கொட்டுகிறது. ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை.

731.

சாயங்காலம் சிந்து வீடியோவில்.

“எப்பிடி இருக்கான் மாமா?”

“சிறுத்தையாட்டம்.”

“உங்க பேச்சைப் பத்தால வகுத்துத்தான் நம்போணும். எடை சொல்லுங்க.”

சொன்னேன். முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. “காலைல மொத பஸ்ல வர்றேன் மாமா. வேலை போனாப் போகுது.”

“வராத கண்ணு. ரெண்டு நாள் குடு. என்ற உசுரக் குடுத்தாவது தேத்தறேன்.”

பாவி, வாய் சும்மா இருந்ததா.

18, வெள்ளி. மழை, காற்று.

இன்று நடந்தது மகா யுத்தம். நாலு மணிக்கொருமுறை என்பதை இரண்டு மணிக்கொருமுறை ஆக்கினேன். மூன்றாவது ஊட்டலில், நான் சிவனே என்று மடியில் வைத்திருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல் பாய்ந்தது. புலிகூட ஒரு உறுமலாவது போடும். ஆட்காட்டி விரலைக் கவ்வி எலும்பு வரை இறங்கியது பல். ரத்தம் படியிறங்கி, ஓடையில் விழுந்து, மேட்டுப்பாளையத்தில் பவானி சிவப்பாக ஓடியது.

சிரிஞ்சைச் சுவரில் அடித்தேன். கூண்டை உதைத்தேன். சொம்பை எடுத்து எறிந்ததில் முகம் பார்க்கும் கண்ணாடி நொறுங்கியது. சரசு அதே சொம்பை எடுத்து என் மேல் எறிந்தாள். அவள் குறி தப்பாது. நெற்றியில் நெல்லிக்காய்.

“மனுசனா நீங்க? அதோட கழுத்தைப் பாருங்க.”

பார்த்தேன். புண் பிளந்திருந்தது. துண்டெல்லாம் சிவப்பு. எது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை.

எடை போடவில்லை.

19, சனி. மழை விட்டு மூட்டம்.

டாக்டரம்மா மேசையில் தராசு. மகாராஜா ஏறினார். 824.

“கூடித்தானுங்க இருக்குது.”

“உங்க தராசு சரியில்லீங்க,” என்றேன்.

ஒரு பாட்டில் மருந்தை எடுத்து வைத்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

“நீங்க எப்பிடிங்க எடை போட்டீங்க?”

“முறையாத்தானுங்க. கிண்ணத்தைக் கழிச்சேன். அப்பறம் ஈரத்தைக் கழிச்சேன்.”

“என்ன ஈரமுங்க?”

“மழை நாளுங்களே. தூறலுக்கு நூத்துக்கு அஞ்சு, மழைக்கு எட்டு, கொட்டுனா பத்து.”

“ஊட்டுக்குள்ள கூண்டுல இருக்கறதுக்கா?”

நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் எடை கழிப்பது எஸ்டேட் வழக்கம். ஜன்னலில் மழையைப் பார்த்ததும் கை தானாகக் கழித்திருக்கிறது. மூன்று நாளும். நான் கவனிக்கக்கூட இல்லை.

“கொழுந்து பறிக்கறவங்க மூட்டைல கழிச்சுக் கழிச்சு வாங்குன சாபம் பத்தலீங்களா?” என்றாள் கூட வந்திருந்த சரசு. “வாயில்லாத சீவனுக்குமா?”

டாக்டரம்மா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. புண்ணைச் சுத்தம் செய்தார். மருந்து இன்னும் ஐந்து நாள் கூடுதல். “தானாத் தின்னுட்டிருந்ததைப் போட்டுப் பயமுறுத்தி வெச்சிருக்கீங்க. இப்ப வயிறு நெறஞ்சிருக்குது, ஊட்ட வேண்டாம். காலைல எட்டரைக்குள்ள தானாத் திங்கலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க.”

மாலை. மூலையில் முகத்தைச் சுவருக்குத் திருப்பி உட்கார்ந்திருக்கிறது. புல் வைத்தது வைத்தபடி. புழுக்கை 11. என் கை கூண்டுக்குள் போனால் அதற்கு உடம்பு முழுக்க நடுக்கம். மருந்தை சரசு கொடுத்தாள். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சிந்துவிடம் 824 என்றேன். “பத்தால வகுக்கட்டுமா?” என்று சிரித்தாள். தின்னவில்லை என்பதைச் சொல்லவில்லை.

20, ஞாயிறு. மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை.

கா. 6. புழுக்கை 4. புல் தொடப்படவில்லை.

6.15லிருந்து கூண்டுக்கு முதுகு காட்டித் தரையில். நான் தெரியாவிட்டால் தின்னுமோ என்று.

“என்னங்க சாமியாராட்டம்?”

“பேசாத.”

7. ஒன்றுமில்லை. கால் மரத்துவிட்டது.
7.40. ஒன்றுமில்லை. சரசு பையை எடுத்து வைத்தாள். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.
8.10. ஒரு சரசரப்பு. திரும்பவில்லை. பிறகு கறுக், கறுக். நின்றது. மறுபடி கறுக், கறுக், கறுக்.

சரசு வாசலில் நின்று தலையை ஆட்டினாள். ஆட்டோக்காரரிடம் வேண்டாமுங்க என்றாள்.

நான் இன்னும் அரை மணி திரும்பாமலே இருந்தேன். மூக்கு ஒழுகியது. பனி.

22, செவ்வாய். மழை.

815. ஒன்றும் கழிக்கவில்லை. இரு முறை பார்த்தேன்.

கண்ணாடி வாங்க வேண்டும். சரசு நாலு நாளாகக் குக்கர் மூடியில் பார்த்துத் தலை சீவுகிறாள்.

24, வியாழன். நல்ல மழை.

சிந்து வந்துவிட்டாள். வேலை நிலைத்தது. புண் மூடிக்கொண்டு வருகிறது. மருந்து இன்னும் பாக்கி, அவள் கொடுப்பாள்.

என் விரல் கட்டைப் பார்த்து, “இதென்ன மாமா?” என்றாள்.

முழுக் கதையும் சொன்னேன். விரல் துண்டாகித் தரையில் துள்ளியது, சரசு அதைத் தையல் மெஷினில் வைத்துத் தைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போண்டாவைத் தூக்கி என் மடியில் வைக்க வந்தாள். வேண்டாம் கண்ணு, கையில் காயம் என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். விரல் கதை எல்லாம் புளுகு, கடி ஒன்றுதான் நிஜம். அதுவும் வெள்ளிக்கிழமை நான் அதன் கழுத்தை இறுக்கிய பிறகுதான் கடித்தது.