லேமினேட் செய்த குடியுரிமை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நீங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா?

எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வந்துவிட்டது. வந்த கையோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி லேமினேட் செய்தேன். கரண்ட் பில்லைக்கூட லேமினேட் செய்கிறவரின் மகள் வேறென்ன செய்வாள்? புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, ஆபீஸில் இருந்த பெண்மணி அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்துவிட்டார். "முத்திரையைத் தடவிப் பாத்தாத்தாம்மா அசல்னு தெரியும். இப்படி உறை போட்டுட்டா செல்லாது. வேற வாங்கிட்டு வாங்க" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பேக்கரி வேலைக்குப் போனேன். மறுபடி விண்ணப்பித்தாயிற்று, கவலை வேண்டாம். ஊருக்கு வருவதுதான் சில மாதம் தள்ளிப்போகும். என் கட்டிலை அதற்குள் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று அப்பா. நம் நாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டதால், இனி நம் வீட்டுக்கு வர எனக்கு விசா வேண்டும். அதற்கு அங்கிருந்து யாராவது என்னை அழைத்துக் கடிதம் தர வேண்டுமாம். மகளை வீட்டுக்கு வரச்சொல்லி நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்தக் கடிதத்தை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். நான் தடவிப் பார்க்க வேண்டும்.

உங்கள்
சின்னக்குட்டி