காந்தம் ஒட்டாத பாத்திரங்கள்

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். காலையில் கேஸ் தீர்ந்தது. ஏஜென்சிக்கு போன். லோடே வரலியாம், சனிக்கிழமைக்கு மேல்தானாம். வெள்ளிக்கிழமை மாமனார் சிராத்தம். செவிலிமேடு வந்தபின் முதல் தடவை. பக்கத்து வீட்டில் கேட்டாயிற்று, அங்கேயும் காலி. மாடி போர்ஷனில் கரி அடுப்பு மூட்ட வீட்டுக்காரர் விடமாட்டார்.

சாயங்காலம் இவர் இண்டக்‌ஷன் அடுப்போடு வந்தார். கூட இலவசமாக ஒரு எவர்சில்வர் பாத்திரம், தட்டை அடி. வந்தவுடனே எனக்கு அதன் மேல் கண். வெங்காய சாம்பாருக்கு அளவான பாத்திரம்.

ஜூலை 9, புதன்

கடைக்காரர் இவரிடம் சொல்லி அனுப்பியது: "காந்தம் ஒட்டுனாதான் சார் சூடாவும்." ஃப்ரிட்ஜில் இருந்த கிளி காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறை முழுக்கச் சோதனை.

வெண்கலப் பானை, இல்லை. உருளி, இல்லை. ஈயச் சொம்பு, கேட்கவே வேண்டாம். எவர்சில்வரிலேயே பாதி ஒட்டவில்லை. நன்றாக ஒட்டியது தோசைக்கல், இலவசப் பாத்திரம். பாத்திரத்தை மறுபடி அதன் டப்பாவிலேயே வைத்தேன்.

மாமியார் கூடத்திலிருந்தே: "சிராத்தத்துக்குத் தளிகை பண்றது வெண்கலத்துலதான். இரும்பு, எவர்சில்வர் எதுவும் கூடாது."

அடுப்புக்கு ஆவது அவருக்கு ஆகாது. அவருக்கு ஆவது அடுப்புக்கு ஆகாது. இவரிடம் சொன்னால், "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கோ." பேப்பருக்குள் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 10, வியாழன்

ஒரு யோசனை. அடுப்பின் மேல் தோசைக்கல், அதன் மேல் வெண்கலப் பானை. ஆனால் கல் வெங்காயம் பட்டது, சிராத்தத்துக்கு ஆகாது. புதுக் கல் வாங்க காந்தி ரோடு, கையில் கிளி. மாமியார் கல்லை முறைத்தார். பிறகு, "தளிகை இரும்புல படலியே. சரி."

ஒத்திகை. தண்ணீர் கொதிக்கவே யுகம். பானையின் அடி வளைவு, நடுவில் மட்டும்தான் கல்லில் படுகிறது. அடுப்பு பீப் பீப் என்று தானாக அணைந்தது. மறுபடி போட்டேன். நாளைக்குக் கரண்ட் போகாமல் இருக்கணும், பெருமாளே.

ஜூலை 11, வெள்ளி

விடியுமுன் ஆரம்பித்தேன். பருப்பு, வாழைக்காய்க் கறி ஒருவழியாக. சாதம்தான் வேகமாட்டேன் என்றது. வாத்தியார் வந்து உட்கார்ந்துவிட்டார், மந்திரம் கேட்கிறது. அடுப்பு பீப். போட்டேன். பீப்.

மாமியார் உள்ளே வந்தார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். நடுவில் அரிசி. நான் அழுதுவிட்டேன்.

"அந்த டப்பாவப் பிரி."

"அம்மா, அது எவர்சில்வர்."

"தெரியறது. அவருக்குப் பசி தாங்காது. கோயில்லேர்ந்து வந்தா வேஷ்டி மாத்தற வரைக்கும் காத்திருக்க மாட்டார். வருஷத்துக்கு ஒரு நாள் வரார். அரைவேக்காட்டையா போடுவே?"

பிரித்தேன், சாதத்தை அதில் மாற்றினேன். மளமளவென்று கொதித்தது. வாத்தியார் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

எல்லாரும் சாப்பிட்டானதும் மாமியார் தானே அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தார். துடைத்து, மேல் பலகையில் வெண்கலப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். இனிமேல் அதில் வெங்காயம் படக்கூடாதாம்.

கேஸ் இன்னும் வரவில்லை. நாளைக்கு சாம்பார் எதில் வைப்பது?