ஸ்டியரிங்கைத் திறந்த பிறகு

மார்ச் 3, செவ்வாய்

இந்தக் கியர்பாக்ஸுக்கு யோசனை அதிகம். முந்துவதற்காக மிதித்தால், ‘நிஜமாத்தான் சொல்றியா?’ என்று கேட்பது போல ஒரு நொடி நிற்கிறது. அதற்குள் எதிரே லாரி. ஒன்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், நாங்கள் மூன்றாவது கை. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பாவத்துக்காக அது வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது.

இன்று பழைய வண்டி உடைக்கும் யார்டிலிருந்து ஸ்டியரிங் வந்தது. இதே மாடலின் உயர்ந்த ரகத்துக்கு வருவது. பின்பக்கம் இரண்டு பேடில்கள். இடது விரலால் தட்டினால் ஒரு கியர் கீழே, வலது விரலால் தட்டினால் மேலே. வண்டி யோசிக்க வேண்டாம், நான் யோசித்துக்கொள்கிறேன்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எதுக்குடா வண்டிக்கு ரெண்டு காது? சொன்னா கேக்காத ஜென்மம் வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு.”

வண்டியில் பாதி அவளுடையது. ஓட்டுவது முழுக்க அவள்தான். காலையில் ஆஸ்பத்திரி லேபுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குக் கம்பெனி பஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி.

மார்ச் 6, வெள்ளி

கிளாக் ஸ்பிரிங்கும் வந்துவிட்டது. ஸ்டியரிங் சுற்றும்போது உள்ளே ஓடும் கம்பிகள் அறுந்துவிடாமல் சுருட்டி வைத்திருக்கும் டப்பா. பழையதில் பேடிலுக்கு இரண்டு கம்பி குறைவு. நாலு மணி நேர வேலை. அக்காவிடம் இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பாட்டரியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கில் அவசரமாகக் கை வைத்தால் மூஞ்சியிலேயே வெடிக்கும். பொறுமை கெட்டவன் என்று பெயர் வாங்கிய நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். எதற்கு? இல்லாத ஒன்றுக்கு.

பழைய ஸ்டியரிங்கின் நடு மூடி கையோடு வந்தது. எடையே இல்லை. உள்ளே ஏர்பேக் இல்லை. மஞ்சள் கனெக்டரின் வாயில் அரிசி அளவு ஒரு ரெசிஸ்டர். அது இருந்தால் ஏர்பேக் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கும் சமர்த்தாக அணைந்துவிடும். எப்போதோ முட்டி, ஏர்பேக் வெடித்த வண்டி. புதிதாக ஒன்று போடாமல் மூடியை மட்டும் மாட்டி விற்றிருக்கிறார்கள்.

வேலை சுத்தம். அதுதான் வயிற்றெரிச்சல். கம்பிகளைக் கட்டிய பிளாஸ்டிக் கேபிள் டையை ஒட்ட நறுக்கி, முனை கையைக் கிழிக்காமலிருக்க அதைச் சூட்டில் உருக்கிவிட்டிருக்கிறான். அடுத்த மெக்கானிக்கின் விரல்மேல் இருந்த அக்கறை ஓட்டுபவரின் நெஞ்சுமேல் இல்லை, படுபாவிக்கு.

“லைட் எரியலையேடா?” என்றாள் அக்கா.

“எரியாம இருக்கத்தான் இது.”

வாங்கி எட்டு மாதம். அக்கா தினமும் நாற்பது கிலோமீட்டர், பாதி நெடுஞ்சாலை. அவள் ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இத்தனூண்டா?”

“எவன்னு தெரியட்டும், கையை முறிக்கிறேன்.”

“முறிக்கிறதெல்லாம் வேணாம். கண்டுபிடி. அவன்கிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு.”

மார்ச் 9, திங்கள்

மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டேன், நாலு வரி வசவோடு. மதியத்துக்குள் அறுபது பதில். ‘இவனையெல்லாம் இதே வண்டியில உக்கார வெச்சு சுவத்துல விடணும்.’ இதற்கு மட்டும் முப்பது பேர் கைதட்டல். நானும் தட்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்பேனர் போனில் கூப்பிட்டான், அது பட்டப்பெயர். முதல் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன்.

“எஞ்சினியர் சார், அந்த டை முனையைப் பெருசாக்கிப் பாத்தியா?”

“பாத்தேன். அதுக்கென்ன?”

“டை முனையை உருக்கி வழவழப்பாக்குற கிறுக்கனை நான் ஒருத்தனைத்தான் பாத்திருக்கேன்.”

படத்தை மறுபடி பெரிதாக்கினேன்.

“யார்கிட்டயும் சொல்லல. படத்தை எடுத்துடு.”

படிப்பு முடித்த கையோடு சேர்ந்த இடம். ஆறு மாதம்தான் இருந்தேன். ஸ்டியரிங்கும் மூடியும் மட்டும் என் மேசைக்கு வரும், வண்டியைப் பார்த்ததே இல்லை. ‘பார்ட் வர்ற வரைக்கும் லைட்டை அணைச்சு வை தம்பி’ என்பார் முதலாளி. செய்தேன். மற்றவர்களைவிடச் சுத்தமாகச் செய்தேன். பார்ட் வந்ததா என்று ஒரு நாள் – ஒரே ஒரு நாள் – கேட்டேனா?

என்ன படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்.

மார்ச் 11, புதன்

படத்தை எடுத்துவிட்டேன். ‘ஏன் எடுத்துட்டே, ஆளு மாட்டிட்டானா?’ என்று நாலு பேர்.

மாட்டிட்டான்.

மார்ச் 14, சனி

பழைய முதலாளியைப் பார்த்தேன். நாற்காலி போட்டார், டீ சொன்னார். அதையெல்லாம் நன்றாகச் செய்வார்.

“அந்த ஏர்பேக் பார்ட்டெல்லாம் வந்துச்சா?”

“எந்த பார்ட்?”

“வர்ற வரைக்கும்னு சொன்னீங்களே.”

சிரித்தார். “தம்பி, நீ படிச்ச பையன். அப்பவே கேட்டிருக்கணும். கேக்கலையே, அதான் உனக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

எந்தெந்த வண்டி என்று பதிவு இல்லையாம். டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

வேலைவிட்டு வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள், “ஆளு கிடைச்சானா?” ஒன்பது நாளாக இதே கேள்வி. இன்று சொல்லிவிட்டேன். நின்றபடியே சொன்னேன், முழுக்கச் சொன்னேன்.

“எத்தனை வண்டி?”

“பதினொண்ணு இருக்கும்.”

“நம்மளது சேர்த்தா, சேர்க்காமலா?”

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அவள் கைகழுவப் போய்விட்டாள். அவனிடம் கேட்க வைத்திருந்த கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 28, சனி

அந்தப் பதினொன்றில் இரண்டு வண்டியின் எண் ஸ்பேனருக்கு நினைவிருந்தது. ஒன்று எப்போதோ உடைக்கப்போய்விட்டது. மற்றதன் சொந்தக்காரர் வாசலில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திறந்து காட்டுகிறேன், கூலி வேண்டாம் என்றேன்.

“லைட் எரியலல்ல? விடுங்க. அடுத்த வாரம் விக்கப்போறேன்.”

“வாங்குறவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?”

“நீங்க சொன்னீங்களா?”

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மார்ச் 30, திங்கள்

போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளார்க் தாளைத் திருப்பித் தந்தார். “மேல புகார் குடுக்கிறவர் பேரு, கீழ யார்மேல புகாரோ அவர் பேரு. ரெண்டுலயும் ஒரே பேரை எழுதியிருக்கீங்க.”

“ரெண்டும் ஒருத்தர்தாங்க.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார். முதலாளி பெயரையும் எழுதியிருக்கிறேன், எனக்குக் கீழே. விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். கம்பெனிக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாட்டி முடித்தேன். சீல் உடைக்காத புது ஏர்பேக், புது கிளாக் ஸ்பிரிங், பேடில் ஸ்டியரிங். கம்ப்யூட்டரில் பேடிலுக்கு அனுமதி கொடுத்தேன், முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. பாலத்தில் ஏறும்போது இடது விரலால் இரண்டு தட்டு. மூன்றாவது கியருக்கு இறங்கி, எஞ்சின் வாயைத் திறந்து கத்தியது. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? நன்றாகத்தான் இருந்தது. பாலம் முடிவதற்குள் அலுத்துவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் சாவியை நீட்டினேன். “வண்டி ரெடிக்கா. புது ஏர்பேக், கம்பெனி டப்பாவுல வந்தது. வந்து நீயே பாரு.”

வந்தாள். கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு நொடி. அணைந்தது.

“பாத்தியா?”

“பாத்தேன்.” விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னாடியும் இப்படித்தானேடா அணைஞ்சுது.”

மூடியைத் திறந்து காட்டட்டுமா என்றேன்.

“எனக்கு அதுல என்ன தெரியும்? நீ சொல்றதுதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஏழு இருபது பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டு மணிக்குத்தான் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.