நெருஞ்சிப் பூவின் படம்

மயிலாப்பூர்,
1934, மாசி மாதம்.

சீமையில் செடிகொடிப் படிப்பு படிக்கும் என் பேரன் சிரஞ்சீவி கபாலிக்கு ஆயா பச்சையம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே க்ஷேமம். அங்கே பனி குறைந்ததா?

நீ கேட்ட நெருஞ்சிப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது வந்தால் கட்டுரை முடிந்துவிடும், வாத்தியார் துரை அங்கேயே வேலை கொடுப்பார், இந்த வருஷம் ஊருக்கு வர வேண்டியிராது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் நான்தான் படக்காரர் இனாயத்தைத் தேடிப் போனேன். பேரன் படிப்புக்கு நான் குறுக்கே நின்றேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஜட்கா பேசியபோது பக்கத்து வீட்டுக் கெங்கம்மா, "இன்னா ஆயா, முள்ளுச் செடிய போட்டோ புடிக்க வண்டி வெச்சிக்கினு போறியே!" என்று சிரித்தாள். சீமையில் துரைமார் கேட்டிருக்கிறார்கள் என்றேன். 

அடையாற்றங்கரை மேடெல்லாம் மஞ்சள் விரித்துக் கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. இனாயத் பெட்டியை முக்காலியில் ஏற்றுவதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. உன் காரியமாயிற்றே, அதில் தொடங்க விடுவேனா? பனைமரத்தடியில் உட்கார வைத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பூவெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது. "ஆயா, உங்க ராகு காலம் போச்சு, எங்க ஜும்மா தொழுகை வந்துடுச்சு, பூவும் தூங்கப் போயிடுச்சு" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் எடுத்தோம். ஆள் இல்லாமல் படம் பிடித்துப் பழக்கமில்லை, ஓரமாகவாவது குந்துங்கள் என்று கெஞ்சினார். மாட்டேன் என்றுவிட்டேன். நீ கேட்டது பூவைத்தானே.

படத்தில் பூ கறுப்பாக இருந்தது. என் கண் மங்கல்தான் அதற்கும் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். மஞ்சள் அப்படித்தான் விழுமாம், இனாயத் சொன்னார். துரைக்கு நிறத்தை நீயே சொல்லு. உனக்கு மறந்திருக்காது.

ஒருத்திக்காக ராத்திரி உலை வைப்பதில்லை. மத்தியானச் சோறே மிஞ்சுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

பதில் போடும்போது பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது. வருகிறேன் என்றாலும் சரி, வரவில்லை என்றாலும் சரி, ஐந்தாவது வரை படித்தவள், அதை நானே படிக்க வேண்டும். கெங்கம்மா வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனசில்லை.

எங்கிருந்தாலும் மகராசனாயிரு, கண்ணு.

உன் ஆயா,
பச்சையம்மாள்